95 வீதம் என்றால் எதில் 95 வீதம்?

பல் போன இடத்தில் இம்பிளான்ட் வைக்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை வருசம் நிற்கும் டொக்டர்?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "95 வீதத்துக்கு மேல் வெற்றி." அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது எண்ணுவது தாடை எலும்புக்குள் இறக்கிய டைட்டேனியம் ஸ்க்ரூவை. கண்ணாடியில் பார்ப்பது அதன் மேல் பூட்டிய பல்லை, கணவாய் சாப்பிடுவதும் அந்தப் பல்லால். இரண்டுக்கும் ஆயுள் வேறு, பழுதாகும் விதம் வேறு.

திருகோணமலைக்காரருக்கு இது கொஞ்சம் கூடவே உறைக்க வேண்டும். இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அங்கேயோ பேராதனைப் பக்கமோ போய் வைத்துக்கொண்டவருக்குப் பல் ஆடினால் அடுத்த நாள் காலையிலேயே அதே கதிரையில் போய் இருக்க முடியாது. கனடாவிலோ லண்டனிலோ வைத்துக்கொண்டு லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் பல் கழன்று நிற்பவர் நிலை இன்னும் சிக்கல். ஆகவே ஆய்வு எண்களை நாங்கள் இங்கிருந்து எப்படி வாசிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

எலும்போடு டைட்டேனியம் ஒட்டிக்கொள்ளும் என்பதை 1952இல் சுவீடனின் பெர் இங்வார் பிரோனமார்க் முயலின் காலெலும்பில் வைத்த கருவியைக் கழற்ற முயன்றபோது கண்டார். 1965இல் முதல் நோயாளிக்குக் கீழ்த்தாடையில் வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை இம்பிளான்ட் வேலை செய்தது. எலும்பு பிடிக்குமா என்ற கேள்வி அன்றைக்கே முடிந்துவிட்டது என்று சொல்லலாம். இப்போதைய ஆய்வின் சுவாரசியமான பகுதி அதற்கு மேலே இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் "தங்கியிருத்தல்" ஒன்று, "வெற்றி" இன்னொன்று. தங்கியிருத்தல் என்றால் இம்பிளான்ட் வாய்க்குள் இருக்கிறது, அவ்வளவுதான். இடம் பிழைத்து வைத்ததால் பல் பூட்ட முடியாமல் முரசுக்குள் மூடி விட்டிருந்தாலும் அது கணக்கில் "தங்கியிருக்கிறது". வெற்றி என்பதற்கு 1986இல் அல்பிரெக்ட்சன் குழு வைத்த அளவுகோல் இன்றும் பேசப்படுகிறது: ஆடக்கூடாது, எக்ஸ்ரேயில் சுற்றிவரக் கறுப்புக் கோடு தெரியக்கூடாது, வலியோ தொற்றோ மரத்துப்போதலோ தொடரக்கூடாது, முதல் வருசம் கழிந்த பிறகு எலும்பு வருசத்துக்கு 0.2 மி.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது.

2012இல் பியேதுர்சன் குழு, இம்பிளான்ட் மேல் நிலையாகப் பூட்டிய பாலப் பற்களை (ஒன்றாக இணைத்த பல பற்களை)ப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தது. 5 வருசத்தில் பாலங்களில் 95.4 வீதம் தங்கியிருந்தன. 10 வருசத்தில் 80.1 வீதம். எந்தச் சிக்கலும் இல்லாமல் 5 வருசத்தைக் கடந்த நோயாளிகள் 66.4 வீதம் மட்டுமே. அதாவது மூன்று பேரில் ஒருவர் ஏதோவொரு திருத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார். முதலிடத்தில் இருந்தது மேற்பூச்சுப் போர்சலின் உடைதல், பிறகு முரசும் எலும்பும் சார்ந்த அழற்சி, ஸ்க்ரூத் துளையின் அடைப்பு கழன்று போதல், ஸ்க்ரூ தளர்தல். இவற்றில் பல அரை மணித்தியால வேலை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்குச் சரியான ஆளும் ஸ்க்ரூவுக்குச் சரியான சாவியும் வேண்டும்.

வரைவிலக்கணம் எண்ணை எவ்வளவு ஆட்டும் என்பதற்கு 2016இல் வந்த சுவீடன் ஆய்வு நல்ல உதாரணம். டெர்க்ஸ் குழு, இம்பிளான்ட் வைத்து 9 வருசம் ஆன 588 பேரைப் பார்த்தது. முரசில் இரத்தம் அல்லது சீழ், கூடவே அரை மி.மீ.க்கு மேல் எலும்பு இழப்பு என்று கணக்கெடுத்தால் 45 வீதமானவர்களுக்கு இம்பிளான்டைச் சுற்றி நோய். எலும்பு இழப்பு 2 மி.மீ.க்கு மேல் என்று வைத்தால் 14.5 வீதம். வாய்கள் அதேதான், கோடு மட்டும் இடம் மாறியது. யாராவது ஒற்றை வீதத்தைச் சொல்லி முடித்தால் "எந்தக் கோட்டில்?" என்று கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று: நல்ல எண்கள் வரும் இடங்களில் நோயாளியை ஆறு மாதமோ ஒரு வருசமோ ஒரு முறை கூப்பிட்டுத் துப்புரவு செய்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அந்தக் கூப்பிடுதலும் சிகிச்சையின் பகுதி. பல்லை மட்டும் வாங்கிக்கொண்டு கூப்பிடுதலை விட்டவருக்கு அந்த எண் உரியதல்ல.

இனி, இந்தப் பக்கத்து வயதானவர்களுக்கு எதைச் செய்யலாம் என்றால், கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு இரண்டு இம்பிளான்ட் மேல் பூட்டிக் கழற்றும் பொய்ப்பல் என்றே நான் சொல்வேன். செலவுக்கு ஏற்ற பலன் இதற்கு மேல் எதிலும் கிடைப்பதில்லை. 1972இல் டால்கிரென் வெளியிட்ட 25 வருசத் தொடர் ஆய்வு, பொய்ப்பல் போடுபவரின் கீழ்த்தாடை முன்பக்க எலும்பு மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டியது. மேல் பொய்ப்பல் அண்ணத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே குதிரை லாட வடிவில் ஒரு மெல்லிய மேடு, உள்ளே நாக்கு தள்ளும், வெளியே கன்னம் தள்ளும். 2002இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாக் கீழ்த்தாடைக்கு முதல் தெரிவு இரண்டு இம்பிளான்ட் பொய்ப்பல்தான் என்று அறிவித்தார்கள். நடுவில் ஒன்றே ஒன்று வைத்தவர்களையும் இரண்டு வைத்தவர்களையும் 5 வருசம் ஒப்பிட்ட ஆய்வில் திருப்தியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று போனால் மற்றது இருக்கும் என்பதால் இரண்டையே விரும்புகிறேன்.

வேலை தொடங்குவது எலும்பில் அல்ல, நல்ல சாதாரண பொய்ப்பல்லில். பல் வரிசை பிழைத்த பொய்ப்பல் தட்டை இம்பிளான்ட் திருத்தாது, பிழையான இடத்திலேயே இறுக்கிப் பிடிக்கும். பொய்ப்பல் சரியென்றான பிறகு அதன் நகலை வழிகாட்டியாக வைத்து சி.பி.சி.டி. ஸ்கான் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தால் பல் எங்கே, எலும்பு எங்கே என்று ஒன்றாகத் தெரியும். லொக்கேட்டர் வகைப் பூட்டுக்கு (இம்பிளான்ட் தலையில் பொத்தான்போலப் பொருந்துவது) இம்பிளான்ட் தலையில் இருந்து கடிக்கும் தளம் வரை ஏறத்தாழ 8.5 மி.மீ. உயரம் வேண்டும், இரண்டு இம்பிளான்டையும் ஒரு கம்பியால் இணைக்கும் பார் வகைக்கு 12 மி.மீ. வரை. உயரம் இல்லாத இடத்தில் பூட்டைத் திணித்தால் மேலே பொய்ப்பல்லின் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் கடதாசி போல மெலிந்து, சில மாதத்தில் அந்த இடத்திலேயே வெடிக்கும். பொய்ப்பல் நடுவால் உடைந்து வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

இரண்டு இம்பிளான்டும் நாடிப் பக்கத்து நரம்புத் துளைகளுக்கு இடையில், வேட்டைப் பல்லுக்கும் அதன் முன் பல்லுக்கும் நடுவான பகுதியில், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இறங்க வேண்டும். நரம்புக்கு இங்கே பயம் குறைவு. பயப்பட வேண்டியது நாக்குப் பக்கத்து எலும்புச் சுவருக்கு. அந்தச் சுவர் கீழே உட்குழிந்து போகும். டிரில் அதைத் துளைத்து வெளியே வந்தால் நாக்கின் அடியில் ஓடும் இரத்தக்குழாய் அறுபட்டு வாயின் தளம் வீங்கி மூச்சு அடைபடும். வெளியே இரத்தம் தெரியாமல் நாக்கு மேலே ஏறி வரும் வீக்கம் இது. அறுவை முடிந்த அன்று பேச்சு குழறினாலோ விழுங்கக் கஷ்டமானாலோ கிளினிக்குக்குப் போன் எடுத்துக்கொண்டு நிற்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசரப் பிரிவு இருக்கிறது. அன்று இரவே பயணம் செய்து ஊர் திரும்புவது நல்ல யோசனை அல்ல என்பதற்கும் இதுதான் காரணம்.

இந்த முன்பக்க எலும்பு கெட்டி. கெட்டியென்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மழுங்கிய டிரிலை அழுத்தி ஓட்டினால் சூடு ஏறும். 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பின் திசு பழுதாகும் என்பது 1983இலேயே காட்டப்பட்டது. ஆகவே கூரான டிரில், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று அளவில் வேகம், குளிர்ந்த சலைன் தாராளமாக, குத்திக் குத்தி எடுத்து ஓட்டும் கை. பஞ்சு போன்ற மேல்தாடை எலும்பில் ஆரம்பப் பிடி கிடைக்காமல் தோற்கும். இந்தக் கெட்டி எலும்பிலோ சூட்டினால் தோற்கும்.

எலும்பு பிடிக்கும் வரை, முன்பு கீழே மூன்று நான்கு மாதமும் மேலே ஆறு மாதமும் விட்டார்கள். இப்போதைய சொரசொரப்பான மேற்பரப்புகளுக்கு, நல்ல எலும்பில், ஆறு முதல் எட்டுக் கிழமை போதுமாக இருக்கிறது. அந்த நாட்களில் பழைய பொய்ப்பல்லின் உட்பக்கத்தை இம்பிளான்டுக்கு மேலே குடைந்து மென்மையான பூச்சுப் போட்டுக் கொடுக்க வேண்டும். குடையாத தட்டோடு மெல்லுவதுதான் ஆரம்பத் தோல்விக்குச் சத்தமில்லாத காரணம்.

பிறகு பூட்டைப் பொய்ப்பல்லில் பதிக்கும் நாள். லொக்கேட்டர் தலை முரசுக்கு மேலே 1.5 மி.மீ. தெரியும் உயரத்தில் தெரிவு செய்து, கம்பெனி சொல்லும் அளவுக்கு டோர்க் சாவியால் (விசையை அளந்து இறுக்கும் சாவி) இறுக்கி, அதன் கழுத்தில் வெள்ளை ரப்பர் வளையம் போட்டு, மேலே உலோகத் தொப்பியை, அதற்குள் தலையைக் கவ்விப் பிடிக்கும் கறுப்பு நைலோன் துண்டோடு வைக்க வேண்டும். பொய்ப்பல்லில் அந்த இடத்தைக் குடைந்து, தட்டை வைத்துப் பார்த்துத் தொப்பி எங்கும் முட்டவில்லை என்று சோதனைப் பசையால் உறுதி செய்யாமல் அக்ரிலிக் கலக்கவே கூடாது. முட்டினால் தட்டு முரசில் அமராமல் இரண்டு தொப்பிகளின் மேல் தராசுபோல ஆடும். நாக்குப் பக்கம் ஒரு சிறு துளை, மிச்ச அக்ரிலிக் வழிய. குழியில் அரைவாசி அளவு அக்ரிலிக் போதும். நிறைய வைத்தால் வளையத்தைத் தாண்டி இம்பிளான்ட் கழுத்தின் கீழே போய் இறுகி, பொய்ப்பல் வாயோடு பூட்டிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் ஊர் வெக்கையில் இந்த அக்ரிலிக்கும், அச்சு எடுக்கும் சிலிக்கோனும் பெட்டியில் எழுதிய நேரத்துக்கு முன்பே இறுகும். ஏசி நின்ற அறையில் எழுதிய நிமிடத்தை நம்பக்கூடாது. லேட்டெக்ஸ் கையுறையோடு பிசைந்தால் சிலிக்கோன் இறுகாமலே கிடப்பது வேறு கதை.

நோயாளி மெதுவாகக் கடித்துப் பிடிக்க வேண்டும். பலமாகக் கடித்தால் முரசு அமுங்கி, கடி விட்டதும் தட்டு எழும்பி, பிடி போய்விடும். இறுகிய பின் கறுப்பு நைலோனை எடுத்து நிறமுள்ளதைப் போட வேண்டும்: நீலம் ஏறத்தாழ 680 கிராம் பிடி, இளஞ்சிவப்பு 1.4 கிலோ, நிறமற்றது 2.3 கிலோ. நீலத்தில் தொடங்குவதே சரி. "இறுக்கமாப் போட்டு விடுங்கோ டொக்டர்" என்று கேட்டு நிறமற்றதை வாங்கிக்கொண்ட மெலிந்த கைப் பாட்டிக்கு அதைக் கழற்ற முடியாது. கழற்றாமல் விட்ட தட்டின் அடியில் முரசு வீங்கி வளர்ந்து, பிறகு தட்டு ஏறவே ஏறாது.

நைலோன் தேய்வது பழுதல்ல, அதுதான் தேய வேண்டிய பாகம். ஆறு மாதம் முதல் ஒரு வருசத்தில் மாற்ற வேண்டி வரும், ஐந்து நிமிட வேலை. அதைவிடச் சீக்கிரம் தேய்ந்தால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, நோயாளி தட்டை விரலால் அமர்த்தாமல் வாயில் போட்டுக் கடித்து ஏற்றுகிறாரா? இரண்டு, பிளீச் கலந்த தண்ணீரில் ஊற வைக்கிறாரா? குளோரின் நைலோனின் பிடியைக் குறைக்கும். சவர்க்காரமும் மென்மையான பிரஷும் வெறும் தண்ணீரும் போதும். மூன்று, லொக்கேட்டர் தலையின் நடுக் குழியில் பிட்டோ எள்ளோ இறுகிக் கிடக்கிறதா? அந்தக் குழி நிரம்பியிருந்தால் தட்டு முழுதாக அமராது, நைலோனின் விளிம்பு ஒவ்வொரு தரமும் வெட்டுப்படும். கண்ணாடி முன் நின்று நுனி சிறிய பிரஷால் இரண்டு குழியையும் குத்திக் கழுவுவது தினமும் ஒரு நிமிடம்.

முன்னால் பூட்டு இருந்தாலும் பின்னால் தட்டு இன்னும் முரசில்தான் இருக்கிறது, அங்கே எலும்பு தொடர்ந்து கரையும். கடைவாய்ப் பல் மேல் விரலால் அழுத்தும்போது முன்பக்கம் எழும்பினால் நைலோன் மாற்றிப் பிரயோசனமில்லை, உட்பக்கத்தை மறுபடி நிரப்ப வேண்டும். இதைப் பார்க்காமல் நைலோனையே மாற்றிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது.

இம்பிளான்ட் மேல் வைக்கும் ஒற்றைப் பல், அதாவது கிரவுன் விசயத்தில் சுருக்கமாக. சிமெந்தால் ஒட்டுவதா, ஸ்க்ரூவால் பூட்டுவதா என்றால் முடிந்த இடமெல்லாம் ஸ்க்ரூ. 2009இல் வில்சன் வெளியிட்ட ஆய்வில், சிமெந்து கிரவுன் சுற்றி நோய் வந்தவற்றில் 81 வீதத்தில் முரசுக்குள் மிச்சச் சிமெந்து இருந்தது. எடுத்த பிறகு பெரும்பாலானவை ஆறின. சில சிமெந்து எக்ஸ்ரேயில் தெரியாது. தூரத்தில் இருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: சரியான சாவி இருந்தால் ஸ்க்ரூ கிரவுனை எந்தப் பல் டொக்டரும் கழற்றலாம், சிமெந்து கிரவுனைப் பலவேளை வெட்ட வேண்டும்.

ஸ்க்ரூ தளர்வது பெரும்பாலும் இறுக்கிய விதத்தில் இருந்து வருகிறது. இறுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். இழுவிசையாக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதிலும் உலோகத்தின் நுண்ணிய மேடுகள் நசுங்கிச் சில நிமிடத்தில் இன்னும் குறையும். ஆகவே 30 அல்லது 35 நியூட்டன் சென்டிமீட்டருக்கு (திருகும் விசையின் அளவு) இறுக்கி, பத்து நிமிடம் விட்டு, அதே அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். விரலால் இறுக்கி விட்ட பல் திரும்பி வரும். கடியும் முக்கியம்: சொந்தப் பல் அழுத்தும்போது 25 முதல் 100 மைக்ரோன் அமுங்கும், இம்பிளான்ட் 3 முதல் 5 மைக்ரோன் மட்டுமே. மெதுவாகக் கடிக்கும்போது கிரவுன் மட்டும் தொட்டால், பலமாகக் கடிக்கும்போது சுமை முழுவதும் அதற்கே.

கிரவுன் ஆடினால் இம்பிளான்ட் போய்விட்டது என்று பதற வேண்டாம். வலியில்லாமல் கொஞ்சம் சுழல்வது போல ஆடினால் அநேகமாக ஸ்க்ரூ. அழுத்தும்போது எலும்புக்குள் நோவும், எக்ஸ்ரேயில் சுற்றிவரக் கறுப்புக் கோடும் இருந்தால் இம்பிளான்டே பிடி விட்டது. முதலாவதை உடனே காட்ட வேண்டும். ஆடிக்கொண்டே மென்றால் ஸ்க்ரூ உள்ளே முறியும், பிறகு அரை மணித்தியால வேலை அரை நாள் வேலையாகும்.

வைக்கும் முன் எங்கள் பக்கத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது வெற்றிலை. பாக்குத்தான் பிரதான குற்றவாளி. புகையிலை இல்லாமல் போட்டாலும் கன்னத்தின் உள்தோல் நார்பிடித்து வாய் திறப்பு குறையும். தன் மூன்று விரலை நிமிர்த்தி முன் பற்களுக்கு இடையில் நுழைக்க முடியாதவருக்குக் கடைவாயில் டிரிலும் கைப்பிடியும் நேராகப் போகாது, இம்பிளான்ட் சரிந்தே இறங்கும். வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தால் இம்பிளான்ட் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சோதிக்க வேண்டும். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். சீனி வருத்தம் தடையல்ல, கட்டுப்பாடு இல்லாததுதான் தடை. எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8க்கு மேல் என்றால் அதைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வது நியாயம். எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கொரு அலன்ட்ரோனேட் குளிசை எடுப்பவர், வருசத்துக்கொரு ஊசி போடுபவர், கழுத்துக்குக் கதிர்வீச்சு எடுத்தவர் கேட்காமலே சொல்ல வேண்டும். "ஒரே நாளில் முழுப் பல்" விளம்பரம் பார்த்துப் போகிறவர், அன்றைக்குப் பூட்டுவது தற்காலிக அக்ரிலிக் என்பதையும், ஆரம்பப் பிடி 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்குக் கிடைக்காவிட்டால் அன்று பூட்டவே கூடாது என்பதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

எங்கே வைத்தாலும் வெளியே வரும்போது ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும்: கம்பெனி, மொடல், விட்டம், நீளம், பெட்டி ஸ்டிக்கரில் உள்ள இலக்கங்கள், எந்தப் பல்லிடம், அபட்மென்ட் (இம்பிளான்டையும் பல்லையும் இணைக்கும் துண்டு) வகையும் உயரமும், ஸ்க்ரூவா சிமெந்தா, எவ்வளவு டோர்க். கூடவே கிரவுன் பூட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயின் பிரதி. முரசு, இம்பிளான்ட் நோய்களுக்கான 2017 சர்வதேச வகைப்படுத்தலின்படி, ஆரம்ப எக்ஸ்ரே இல்லாதவருக்கு நோய் என்று சொல்ல 3 மி.மீ. எலும்பு இழப்பும் 6 மி.மீ. முரசுப் பை ஆழமும் இரத்தக் கசிவும் சேர்ந்து வர வேண்டும். ஆரம்பப் படம் இருந்தால் அதற்கு எவ்வளவோ முன்பே பிடிக்கலாம். போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அந்தக் காகிதத்தில் பலர் எழுதாமல் விடுவது ஸ்க்ரூ சாவியின் பெயர். கம்பெனிக்குக் கம்பெனி சாவி வேறு: ஸ்ட்ரோமனுக்கு நட்சத்திரத் தலை, நோபலுக்கு யூனிகிரிப், ஒஸ்டெமுக்கு 1.2 மி.மீ. அறுகோணம். அறுகோணத்திலேயே 0.048 அங்குலமும் 0.050 அங்குலமும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். பெரிய தலைக்குள் சிறிய சாவியைப் போட்டுத் திருகினால் தலை வழுவழுப்பாகி, பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.